பிக்-அப் வண்டியின் பாட்டுப் பெட்டி: வாட்ஸ் கணக்கை நம்பி ஸ்பீக்கர் வாங்கலாமா?



காரியாபட்டி வட்டாரத்து வணிகருக்குக் கடை ஓரிடத்தில் இருந்தாலும் வேலை சாலையில்தான் இருக்கிறது. காய்கறிக்கு மதுரை மாட்டுத்தாவணி, பருப்புக்கும் மிளகாய் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் விருதுநகர், கிழக்கே போனால் திருச்சுழி, தெற்கே அருப்புக்கோட்டை என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு சிறு வணிகர்களும் சொந்தமாகச் சரக்கு வண்டி வைக்கத் தொடங்கினர். மகேந்திரா பொலிரோ பிக்-அப், 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவையும் நம் ஊர்ச் சாலைகளில் பழகிப்போன வண்டிகளாகிவிட்டன. விடியற்காலை மூன்று மணிக்கு மண்டிக்குப் புறப்படும் ஓட்டுநருக்குக் கோடைப் பண்பலையோ பழைய பாட்டோதான் துணை.

அந்தப் பாட்டு கரகரவென்று கேட்டால் எரிச்சல் வருகிறது. உடனே வண்டி உதிரிப்பொருள் கடைக்குப் போகிறோம். “அண்ணாச்சி, இது ஆயிரம் வாட்ஸ், போட்டுப் பாருங்க” என்கிறார் விற்பவர். பெட்டியில் பெரிய எழுத்தில் 1000 என்று போட்டிருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே கரகரப்பு. சில வண்டிகளில் இன்னும் மோசமாக, செட் எரிந்துபோகிறது அல்லது பாட்டரி இறங்கி நிற்கிறது.

நாம் சரக்கு வாங்கும்போது எடையைப் பார்க்கிறோம், ஈரப்பதத்தைப் பார்க்கிறோம், சாக்கின் எடையைக் கழிக்கிறோம். ஸ்பீக்கர் வாங்கும்போதும் அதே கண்ணோடு பார்த்தால் ஏமாற வேண்டியதில்லை. எந்த எண்ணை நம்புவது, எந்த வேலையை முதலில் செய்வது என்பதே இந்தப் பாடம்.

1. கம்பெனி ஸ்பீக்கர் ஏன் அப்படி இருக்கிறது?

இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அமைப்பை 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் வெளியிட்டனர். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு, கூம்பின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் வளையம். மின்சாரம் மாறி மாறி வரும்போது சுருள் முன்னும் பின்னும் ஆடுகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அதுவே ஒலி. நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

சரக்கு வண்டி செய்யும் நிறுவனம் பாட்டுக்காக வண்டி செய்வதில்லை. பாரம், மைலேஜ், விலை ஆகிய மூன்றுதான் அதன் கணக்கு. ஆகவே குறைந்த விலை மாடல்களில் செட்டே இல்லாமல், ஸ்பீக்கருக்கு வெறும் ஓட்டை மட்டும் விட்டிருப்பார்கள். செட் உள்ள மாடல்களில் சிறிய காந்தமும் காகிதக் கூம்பும் கொண்ட இலேசான ஸ்பீக்கர் இருக்கும். அது கெட்ட பொருள் அல்ல. செட் தரும் சிறு சக்தியில் பேச்சும் பாட்டும் புரியும்படி கேட்கச் செய்யும். ஆனால் நம் வட்டாரத்தின் வெயிலும் கரிசல் புழுதியும் சில ஆண்டுகளில் அதைத் தளரச் செய்துவிடுகின்றன. விளிம்பு வளையம் ஸ்பாஞ்சினால் ஆனதாக இருந்தால் உதிர்ந்துபோகும். காகிதக் கூம்பில் ஈரம் பட்டால் ஊறிப்போகும்.

2. முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

மாற்றுவதற்கு முன் ஸ்பீக்கர்தான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு, செட்டில் உள்ள பேலன்ஸ் அமைப்பைக் கொண்டு ஒலியை இடது பக்கம் மட்டும், பிறகு வலது பக்கம் மட்டும் தள்ளிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கரகரத்தால் குறை செட்டிலோ, ரேடியோ ஏரியலிலோ, பாட்டுப் பதிவிலோ இருக்கலாம். ரேடியோவில் மட்டும் இரைச்சல், பென் டிரைவில் பாட்டு தெளிவு என்றால் ஏரியலையும் அதன் ஒயரையும் பாருங்கள். ஸ்பீக்கரை மாற்றி அந்த இரைச்சலைப் போக்க முடியாது.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால், பாட்டு ஓடும்போதே கதவின் உள்பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். அதிர்வு நின்றுவிட்டால் தளர்ந்த கிளிப்போ ஸ்குரூவோதான் காரணம். கதவுப் பையில் கிடக்கும் சில்லறைக் காசும் ஸ்பானரும் எழுப்பும் சத்தத்தை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

அதற்கும் நிற்கவில்லை என்றால் ஸ்பீக்கரைக் கழற்றி, ஒயரை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருந்தால் மீட்டர் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. கூம்பை இரண்டு பக்கமும் சமமாக விரலால் மெல்ல அழுத்தினால் உராயும் ஓசை வரக்கூடாது. வந்தால் சுருள் கோணிவிட்டது. அந்த ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும்.

3. வாட்ஸ் கணக்கு

இப்போது கடைக்குப் போகலாம். நம் கடையில் தராசுக்கு முத்திரை உண்டு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நம்மைக் கேட்கும். ஆனால் ஸ்பீக்கர் பெட்டியில் அச்சிடும் பெரிய வாட்ஸ் எண்ணுக்கு அப்படி முத்திரை எதுவும் கிடையாது. ஆகவே நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் சிறு சரக்கு வண்டிகளில் மின்சாரம் 12 வோல்ட். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும், 14.4 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 207. அதை 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52. செட்டின் முகப்பில் “50 × 4” என்று அச்சிடுவது இந்தக் கணக்கைக் கொண்டுதான். ஆனால் இது, ஒலி முற்றிலும் சிதைந்து, உள்ளே இழப்பு எதுவுமே இல்லாமல் வெளிவந்தால் கிடைக்கும் எண். சிதையாத ஒலிக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்ஸ்தான் உச்சவரம்பு. உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 18 முதல் 22 வாட்ஸ் வரை வந்தால் பெரிது. இந்த உண்மையான எண்ணுக்குத்தான் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்று பெயர்.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. செட்டின் பின்புறம் உள்ள பியூஸைப் பாருங்கள். அது 10 ஆம்பியர் என்றால், 14.4-ஐ 10-ஆல் பெருக்க 144 வாட்ஸ். அதற்கு மேல் செட்டுக்குள் தொடர்ந்து மின்சாரம் போக முடியாது. போனால் பியூஸ் உருகிவிடும். உள்ளே 144 வாட்ஸ் போகிற பெட்டியிலிருந்து வெளியே 1000 வாட்ஸ் வருமா? நூறு கிலோ நெல்லை ஆலைக்கு அனுப்பி எழுநூறு கிலோ அரிசி வந்தது என்று ஒருவர் சொன்னால் நாம் நம்புவோமா?

பி.எம்.பி.ஓ., மேக்ஸ், பீக் என்ற பெயர்களில் வரும் எண்களை ஒதுக்கிவிடுங்கள். ஆர்.எம்.எஸ். என்ற எண்ணை மட்டும் கேளுங்கள். செட்டுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் அமெரிக்கத் தொழில் சங்கம் 2003-இல் வகுத்த சி.இ.ஏ. 2006 என்ற அளவுமுறை ஒன்று உண்டு. இப்போது அது சி.டி.ஏ. 2006 எனப்படுகிறது. 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு விழுக்காட்டுக்கு மேல் சிதைவு இல்லாமல் கிடைக்கும் வாட்ஸை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது அந்த முறை. பெட்டியில் அந்தக் குறி இருந்தால் எண்ணை நம்பலாம்.

ஸ்பீக்கரில் போட்டிருக்கும் வாட்ஸ் வேறு. அது தாங்கும் அளவு. ஒரு சாக்கு நூறு கிலோ தாங்கும் என்பதால் அதற்குள் நூறு கிலோ சரக்கு இருக்கிறது என்று ஆகாது. அதுபோல் 100 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கரை 20 வாட்ஸ் தரும் செட்டில் இணைத்தால் ஒலி ஐந்து மடங்கு ஆகிவிடாது. செட்டோடு நேரடியாக இணைப்பதற்கு 30 முதல் 60 ஆர்.எம்.எஸ். வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கர் போதும்.

4. டெசிபல் கணக்கு

அப்படியானால் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது? பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். 86 டெசிபல், 90 டெசிபல், 92 டெசிபல் என்று எழுதியிருப்பார்கள். ஒரு வாட் சக்தி கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒலி கேட்கும் என்பதே இது. வண்டிக்கு மைலேஜ் எப்படியோ, ஸ்பீக்கருக்கு இது அப்படி.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். ஆகவே 86 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் ஒலியை, 92 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்ஸிலேயே தந்துவிடும். வித்தியாசம் 6 டெசிபல். அதற்கு நான்கு மடங்கு சக்தி மிச்சம். ஆம்ப்ளிபயர் போடாமல் செட்டை மட்டும் வைத்து ஓட்டுகிறவருக்கு இந்த ஒரு வரி பெட்டியின் முகப்பில் உள்ள 1000-ஐ விடப் பெரிது.

இதிலும் சாக்கு எடையைக் கழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில பெட்டிகளில் “1 வாட்” என்பதற்குப் பதிலாக “2.83 வோல்ட்” என்று எழுதியிருப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ். ஆகவே அந்த எண்ணில் 3-ஐக் கழித்துவிட்டுத்தான் மற்றதோடு ஒப்பிட வேண்டும். 2.83 வோல்ட்டில் 92 என்று எழுதியதும், 1 வாட்டில் 89 என்று எழுதியதும் ஒன்றே.

5. ஓம் கணக்கு

பெரும்பாலான செட்டுகள் 4 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. ஒலி போதவில்லை என்று ஒரே இணைப்பில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கவாட்டில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் இரண்டு மடங்காகும். செட்டுக்குள் உள்ள ஐ.சி. சூடாகி ஒருநாள் எரியும். வரிசையாகச் சேர்த்தால் 8 ஓம். எரியாது, ஆனால் சக்தி பாதியாகிவிடும். நான்கு ஸ்பீக்கர் வேண்டும் என்றால் நான்கு இணைப்பு உள்ள செட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியே இணைப்பதே முறை.

லாரியும் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளவும். பெரிய லாரிகளில் மின்சாரம் 24 வோல்ட். பிக்-அப்பில் கழற்றிய 12 வோல்ட் செட்டை அப்படியே லாரியில் மாட்டினால் அந்த நொடியே போய்விடும்.

6. அளவும் ஆழமும்

கதவில் உள்ள ஓட்டையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். 4 அங்குலம், 5¼ அங்குலம், 6½ அங்குலம் ஆகியவை பொதுவானவை. நினைவிலிருந்து அளவைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

விட்டத்தைப் போலவே ஆழமும் முக்கியம். கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஓட்டையின் முகத்திலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். கதவுப் பூட்டின் கம்பியும் அந்த வழியாகப் போகும், அதையும் பாருங்கள். ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடித்தால் கண்ணாடி பாதியில் நிற்கும், அல்லது உடையும். சற்றே ஆழம் கூடினால் ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் அல்லது மரைன் பிளைவுட் வளையம் வைத்து உயர்த்தலாம். சாதாரண பிளைவுட் மழையில் ஊதிவிடும்.

நம் வட்டார வெயிலுக்குக் காகிதக் கூம்பை விடப் பாலிபுரொப்பிலீன் கூம்பு நல்லது. விளிம்பு வளையம் ரப்பராக இருக்கட்டும். ஒரே சட்டத்தில் நடுவே சிறிய டுவீட்டரோடு வரும் ‘கோஆக்ஸியல்’ வகை பிக்-அப்புக்குப் போதுமானது. டுவீட்டர் தனியாக வரும் ‘காம்போனன்ட்’ வகை நன்றாகக் கேட்கும். ஆனால் டுவீட்டரை உயரத்தில் பதிக்கத் துளை போட வேண்டும், வேலையும் கூடும்.

7. கதவுதான் பெட்டி

நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் ‘பேஸ்’ வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் கதவுதான்.

கூம்பு முன்னே தள்ளும்போது அதன் பின்பக்கக் காற்று உள்ளே இழுபடுகிறது. ஆகவே முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இடையில் சந்து இருந்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இப்படி முதலில் அழிவது கனத்த ஒலியே. வீட்டில் ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைப்பது இதற்காகத்தான். வண்டியில் அந்தப் பெட்டி கதவு.

ஆகவே ஸ்பீக்கர் உட்காரும் விளிம்பைச் சுற்றி ரப்பர் பீடிங் அல்லது ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி, சந்து இல்லாமல் இறுக்க வேண்டும். நான்கு துளை இருந்தால் நான்கிலும் ஸ்குரூ போட வேண்டும், இரண்டோடு விடக்கூடாது. கதவின் வெளித்தகட்டின் உட்புறம் அதிர்வு அடக்கும் பியூட்டைல் தாளை ஒட்டினால் தகடு தகரம்போல் அதிர்வது நிற்கும். முழுவதும் ஒட்டத் தேவையில்லை; ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள தகட்டிலும், தட்டினால் டங்கென்று ஒலிக்கும் இடங்களிலும் ஒட்டினால் போதும். விலை குறைவு என்று கூரைக்கு ஒட்டும் தார்த் தாளைப் பயன்படுத்தாதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் அது இளகி வழியும், கேபினுக்குள் நாற்றமும் அடிக்கும்.

மழை பெய்தால் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் துளைகள் இருக்கும். அவற்றை எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்தத் தாள்தான் ஈரம் உள்ளே வராமல் காக்கிறது. கழற்றிய பிறகு மறுபடியும் ஒட்டச் சொல்லுங்கள்.

8. ஒயர் வேலை

வண்டியின் ஒயரை வெட்டாமல் வேலை செய்வதே நல்லது. பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும் கப்ளர்கள் தனியே கிடைக்கின்றன. ஒருபுறம் கம்பெனி கப்ளர், மறுபுறம் புதிய செட்டின் ஒயர் என்று இணைத்துவிடலாம். வாரண்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டினால், நாளை வேறு மின்பழுது வந்தாலும் சர்வீஸ் சென்டரில் அதைக் காட்டி மறுக்க இடம் கொடுத்ததாகும்.

தனியாக வாங்கும் செட்டுகளில் நிறங்களுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. மஞ்சள் எப்போதும் பாட்டரியோடு, சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரத்தோடு, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் எர்த் அல்ல. அதை வண்டியின் தகட்டோடு இணைத்தால் செட் எரியும்.

பிளஸ், மைனஸ் மாறினால் செட் எரியாது. ஆனால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும். சந்தேகம் வந்தால் ஒன்றரை வோல்ட் பேனா பாட்டரியை ஸ்பீக்கரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பாட்டரியின் பிளஸ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் போதாது. வெயிலில் டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடும். ஈயப்பற்று வைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழாயால் மூடச் சொல்லுங்கள். கதவுக்கும் உடலுக்கும் நடுவே ஒயர் போகுமிடத்தில் ரப்பர்க் குழாய் வழியாகவே போக வேண்டும். வெறும் தகட்டு ஓட்டை வழியாகப் போட்டால் கதவைத் திறந்து மூடும் உராய்விலேயே அறுந்துவிடும்.

9. ஆம்ப்ளிபயர் வேண்டுமா?

சரக்கு வண்டிக்குப் பெரும்பாலும் வேண்டாம். நல்ல ஸ்பீக்கர், அடைத்த கதவு, சரியான ஒயர் ஆகிய மூன்றும் இருந்தால் சிறிய கேபினுக்கு இருபது வாட்ஸ் தாராளம். செட்டில் ‘ஹை பாஸ்’ என்ற அமைப்பு இருந்தால் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். சிறிய ஸ்பீக்கரால் தர முடியாத கனத்த ஒலியை அதனிடமிருந்து விலக்கிவிட்டால், மீதியை அது சிதறாமல் தரும்.

வேண்டும் என்றால் மின்சாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய வகை ஆம்ப்ளிபயர் உட்கொள்ளும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதிதான் ஒலியாகும். 200 ஆர்.எம்.எஸ். வாட்ஸ் வெளியே வர 400 வாட்ஸ் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது 29 ஆம்பியர். ‘டி’ வகை ஆம்ப்ளிபயர் சிக்கனமானது. அதற்கே 18 ஆம்பியர் ஆகும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டு எல்லா நேரமும் உச்சத்தில் இருக்காது என்பது உண்மையே. ஆனால் ஒயர் அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும்.

ஆகவே ஆம்ப்ளிபயரின் மின்சாரம் பாட்டரியிலிருந்து தனித் தடித்த ஒயரில் வர வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே, 45 சென்டிமீட்டருக்குள், ஒரு பியூஸ் கட்டாயம். அந்த பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. விபத்திலோ உராய்விலோ ஒயரின் உறை கிழிந்து தகட்டில் பட்டால், பியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும். பின்னால் இருப்பது எண்ணெய் டின்னாகவோ பஞ்சு மூட்டையாகவோ இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு பியூஸை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்வதில் பயன் இல்லை.

என்ஜின் வேகம் கூடக் கூட ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்ற ஓசை ஏறினால் அது டைனமோவின் இரைச்சல். பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று பொருள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த் கொடுத்து, பாட்டு வரும் ஒயரை ஒரு பக்கமும் மின்சார ஒயரை மறுபக்கமும் கொண்டுபோனால் நின்றுவிடும்.

சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி வைப்பவர்கள் அதைப் போல்ட் போட்டு இறுக்கவும். வெறுமனே வைத்த பெட்டி, பிரேக் அடித்தால் ஓட்டுநரின் பிடரியில் வந்து விழும். சரக்கு ஏற்றும் நேரத்தில் என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டு வைப்பதையும் தவிர்க்கவும். மண்டியில் சுமை ஏறிய பிறகு ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளுவதற்கு யாரும் வர மாட்டார்கள்.

10. வெளியே வைக்கும் குழாய் ஸ்பீக்கர்

வெங்காயமோ பழமோ ஊர் ஊராக விற்பவர்கள் வண்டியின் மேல் குழாய் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். அதைக் கேபின் செட்டோடு இணைக்காதீர்கள். அது பெரும்பாலும் 8 அல்லது 16 ஓம் கொண்டது. அதற்கென உள்ள 12 வோல்ட் ஆம்ப்ளிபயர்தான் பொருத்தம்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி பயன்படுத்தக்கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கிக்குத் தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என்பது அளவு. வாடிக்கையாளரின் குழந்தை தூங்கும் தெருவில் அலறவிட்டு விற்ற சரக்கு ஒருநாள் வியாபாரம். மறுநாள் அந்தத் தெரு நமக்கு இல்லை.

11. ஓட்டுநரின் காது

ஒலி நன்றாக இருப்பது வேறு, பெரிதாக இருப்பது வேறு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் பரிந்துரை. 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி. டீசல் என்ஜின் சத்தம் ஏற்கனவே கேபினில் இருக்கிறது. அதற்கு மேல் பாட்டை ஏற்றினால், நான்கு வழிச் சாலையில் பின்னால் வரும் ஆம்னி பஸ்ஸின் ஹாரன் கேட்காது.

தரமான ஸ்பீக்கரின் உண்மையான பயன் இதுதான்: குறைந்த ஒலியிலேயே சொல் சொல்லாகப் புரியும். அதனால் ஒலியைக் கூட்டத் தேவையில்லை. தூக்கம் வந்தால் பாட்டைக் கூட்டச் சொல்லாதீர்கள். வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் கண்ணயரச் சொல்லுங்கள். எந்த வாட்ஸும் தூக்கத்தை விரட்டாது.

கடைக்குப் போகுமுன் எழுதிக்கொள்ள வேண்டிய சீட்டு

அ. ஓட்டையின் விட்டம், கண்ணாடி இறங்கிய நிலையில் ஆழம்.

ஆ. செட்டின் பியூஸ் எத்தனை ஆம்பியர். அது எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கானது.

இ. வாங்கும் ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். வாட்ஸ், ஓம், சென்சிட்டிவிட்டி. அது 1 வாட்டிலா, 2.83 வோல்ட்டிலா.

ஈ. ரப்பர் வளையம், பாலிபுரொப்பிலீன் கூம்பு.

உ. கப்ளர், பீடிங், பியூட்டைல் தாள், சுருங்கும் குழாய். இவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கவும்.

ஊ. மாடல் எண் எழுதிய பில்லும் வாரண்டிச் சீட்டும்.

கையில் உள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கினால் ஸ்பீக்கருக்கு ஆறு, கதவு வேலைக்கு இரண்டு, ஒயர் வேலைக்கும் கூலிக்கும் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் ஆம்ப்ளிபயரைப் பற்றி யோசிக்கவும். இந்த வரிசையில் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த யோசனையே வராது.

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் எடையைக் கேட்கிறார், தேதியைப் பார்க்கிறார், பில் வாங்குகிறார். நாம் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் கடையில் நாம் வாடிக்கையாளராக நிற்கும்போது, பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நேர்மையாக விற்பவர் அதைக் கண்டு மகிழவே செய்வார்.